பழைய பைக்கும் பற்று வரவும்

போன வாரம் கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வகுப்புத் தோழன் ஒருவன் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான். திரையில் ஒரு யெஸ்டி ரோட்கிங். ஏதோ ஒரு மாட்டுக் கொட்டகையில், வைக்கோல் போருக்குப் பக்கத்தில், ஒரு சைலன்சர் மட்டும் தொங்கிக்கொண்டு நிற்கிறது. (ரோட்கிங்குக்கு சைலன்சர் இரண்டு. இன்னொன்று எங்கே என்று படத்தில் தெரியவில்லை.) விலை 15,000 ரூபாய். கீழே ஒரு வரி: "பேப்பர் மிஸ்ஸிங், பார்த்துக்கலாம்."

"வாங்கலாமாடா? ப்ராஜெக்ட் பைக்! நாமளே ரெடி பண்ணிடலாம்."

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் வகுப்பில் பழைய வண்டி வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான் ஒருவன்தான். என்னிடம் இருப்பது 1999 மாடல் டி.வி.எஸ். சுசுகி மேக்ஸ் 100. ஆமாம், பால்காரர் வண்டிதான். இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு விடிகாலையில் ஊரை எழுப்பும் அதே வண்டி. சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

அவனுக்கு அன்று ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை, பெல் அடித்துவிட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் ஒரு விஷயம். இணையத்தில் விற்பவர்கள் எல்லாவற்றையும் 'விண்டேஜ்' என்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவு நடந்து 50 வருடம் தாண்டி, பெரிதாக எதையும் மாற்றாமல் மூல வடிவத்திலேயே இருக்கும் வண்டிதான் விண்டேஜ். அதற்குத் தனியாக 'வி.ஏ.' எழுத்துகள் போட்ட நம்பர், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அதையும் கண்காட்சி, பேரணி மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினமும் காலேஜுக்கு ஓட்ட முடியாது. ஆர்.எக்ஸ். 100 வந்ததே 1985-இல்தான். முதல் வருடத்து வண்டிக்குக்கூட 2035 வரை அந்தத் தகுதி கிடையாது. ஆகவே நாம் பேசுவது விண்டேஜ் பைக் இல்லை, பழைய பைக். 'விண்டேஜ்' என்று சொன்னால் பத்தாயிரம் கூட்டிக் கேட்கலாம், அவ்வளவுதான்.

என் கதைக்கு வருகிறேன். எனக்கும் முதலில் ஆசை ஆர்.எக்ஸ். 100 மேல்தான். யாருக்குத்தான் இல்லை? 98 சிசி, 11 குதிரைத் திறன், நூறு கிலோவைக் கொஞ்சம் தாண்டும் எடை. 1996-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு பிறந்த பசங்கள்தான் இன்று அதன் சத்தத்துக்காகச் சாகிறார்கள் (நானும் அதில் அடக்கம்). விலையும் அதற்கேற்ற மாதிரி. நன்றாக ஓடுகிற, பேப்பர் சரியாக உள்ள வண்டிக்கு லட்சம் வரை கேட்கிறார்கள். விற்கிற ஒவ்வொருவரும் "இது ஜப்பான் இன்ஜின்ங்க, முதல் லாட்" என்கிறார். அத்தனை பேர் சொல்வதும் உண்மையானால் ஜப்பான்காரர்கள் வேறு எந்த நாட்டுக்கும் இன்ஜினே அனுப்பியிருக்க முடியாது.

என்னிடம் இருந்தது 26,000. ஒரு ஆடிட்டர் ஆபீசில் மாலை நேரத்தில் வவுச்சர் என்ட்ரி போடுகிறேன். மாதம் 6,000 தருகிறார்கள். அதில் சேர்த்தது. இந்தக் காசோடு கோவை முழுக்கச் சுற்றி அலைந்தபோது உக்கடம் பக்கம் ஒரு புரோக்கரிடம் 1992 மாடல் ஆர்.எக்ஸ். 100 இருந்தது. 28,000 சொன்னார். ஓடுகிற வண்டி! கிக்கர் இரண்டாவது உதையில் ஸ்டார்ட் ஆனது. டேங்க்கில் பெரிய நசுங்கல் இல்லை. எனக்குக் கை நடுங்கியது.

"பேரு மாத்த வேண்டியது இல்லைங்க தம்பி. ஃபார்ம் 29, 30 ரெண்டுலயும் ஓனர் கையெழுத்துப் போட்டே இருக்குது. எப்ப வேணுமோ அப்பத் தேதி போட்டுக்குங்க" என்றார். காட்டினார். கையெழுத்து இருந்தது, மற்ற எல்லாம் காலி. இதற்கு நம் ஊரில் ஓபன் டிரான்ஸ்ஃபர் என்று மரியாதையான பெயர் உண்டு.

நான் ஒரு நாள் அவகாசம் கேட்டு, ஆர்.சி. புக்கையும் அந்த ஃபார்ம்களையும் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். மேதாவித்தனத்தால் இல்லை, கையில் இரண்டாயிரம் குறைந்தது! வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் ஒரு கேள்வி வந்தது. சந்தையில் எண்பது, தொண்ணூறு ஆயிரம் போகிற வண்டியை இவர் ஏன் 28,000-க்குத் தருகிறார்? காமர்ஸ் படிக்கிறவனுக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுப்பது இதுதான்: ஒரு பக்கம் வரவு இருந்தால் இன்னொரு பக்கம் பற்று இருக்க வேண்டும். எனக்கு ஐம்பதாயிரம் லாபம் என்றால் அது யாருடைய ஐம்பதாயிரம்?

மறுநாள் ஆர்.சி.யில் இருந்த முகவரிக்குப் பஸ் ஏறினேன். அன்னூர் தாண்டி ஒரு சின்ன ஊர். கையெழுத்தைச் சரிபார்த்துவிட்டு, ஆதார் நகல் ஒன்று வாங்கிக்கொண்டால் பெயர் மாற்றச் சுலபம் என்று நினைப்பு. கதவைத் திறந்தது ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும். வண்டி நம்பரைச் சொன்னேன். "உள்ள வாங்க தம்பி" என்று உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். வண்டி ஓனர் அவருடைய கணவர். 2021-இல் கொரோனாவில் இறந்துவிட்டார். வண்டி சும்மா நிற்கிறதே என்று கொழுந்தனார் "ரிப்பேர் பண்ணி வைக்கறேன்" என்று எடுத்துப் போனாராம். ஐயாயிரம் ரூபாய் கொடுத்தாராம்.

இறந்து பல வருடம் ஆன மனிதரின் கையெழுத்து, தேதி போடாத ஃபார்மில். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த அம்மாதான் கேட்டார். "அவரு கையெழுத்துன்னு சொன்னீங்களே, பார்க்கட்டுங்களா?"

போனைக் கொடுத்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது அவருது இல்லைங்க. அவரு தமிழ்லதான் போடுவாரு."

படத்தில் இருந்தது ஆங்கிலக் கையெழுத்து. அழகாக, வளைத்து வளைத்துப் போட்டிருந்தது.

நான் அந்த வண்டியை வாங்கவில்லை. ஆனால் அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஓனர் இறந்துவிட்டால் ஃபார்ம் 31 போட்டு வாரிசு தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும், அப்படி மாற்றி விற்றால் நிறையப் பணம் கிடைக்கும் என்றெல்லாம் அந்த அம்மாவிடம் சொன்னேன். போலீசில் சொல்லலாம் என்றும் சொன்னேன். "கொழுந்தனாருகூட எதுக்குங்க வம்பு, பொண்ணு கல்யாணத்துக்கு அவங்க வேணும்" என்றார். நானும் கிளம்பி வந்துவிட்டேன். அடுத்த வாரம் உக்கடம் பக்கம் போனபோது அந்த வண்டி அங்கே இல்லை. யாரோ 28,000 கொடுத்து வாங்கியிருக்கிறார். அவர் என்னைப் போல மாணவராகவும் இருக்கலாம். புரோக்கரிடம் நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. இதை எழுதும்போதும் அது உறுத்துகிறது.

"சரி, அதனால என்ன, வண்டி ஓடுதுல்ல?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வண்டியை விற்றாயிற்று, அது இரண்டு மூன்று கை மாறியும் விட்டது, ஆனால் ஆர்.சி.யில் பெயர் மாறவில்லை. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான் என்றார்கள். ஓபன் டிரான்ஸ்ஃபர் என்றால் ஓட்டுகிறவன் ஒருவன், மாட்டுகிறவர் இன்னொருவர். நான் அந்த ஆர்.எக்ஸ்.ஐ வாங்கி யார் மீதாவது இடித்திருந்தால் நோட்டீஸ் போயிருக்கும் முகவரி அன்னூர் தாண்டி அந்த வீடு.

சட்டத்தைப் பேசும்போதே இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தனியார் வண்டியின் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். இரு சக்கர வண்டிக்கு அந்தக் கட்டணம் 300 ஆக இருந்தது, 2022 ஏப்ரலிலிருந்து 1,000 ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிக்கைப்படி 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2,000. இது பரவாயில்லை. தாமதத்துக்குத்தான் வலி. 2021 அக்டோபரில் வந்த விதிப்படி மோட்டார் சைக்கிளுக்குத் தாமதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 300. மூன்று வருடம் கொட்டகையில் தூங்கிய வண்டி என்றால் 36 மாதம், 10,800 ரூபாய். வண்டி விலையே அவ்வளவுதான் இருக்கும்! இதற்கு மேல் பசுமை வரி, இன்ஷூரன்ஸ். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டி ஓடி நிற்கவும் வேண்டும். எம்பரிவாஹன் செயலியில் நம்பரைப் போட்டால் பதிவு எதுவரை, இன்ஷூரன்ஸ் எதுவரை என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ரொம்பப் பழைய வண்டிகள் சில அதில் வராது, கணினியில் ஏற்றாமலே விட்டிருப்பார்கள். அப்படியென்றால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கே நேரில் போய்க் கேட்க வேண்டும். காலை பத்து மணிக்குப் போங்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு.

மேக்ஸ் 100 கிடைத்த கதை சாதாரணம். சூலூர் பக்கம் ஒரு தாத்தா. சொந்த வண்டி, ஒரே ஓனர், பால் ஊற்றியவர். இன்ஜின் ஜாம், இரண்டு வருடமாக நிற்கிறது. ஆனால் 2014, 2019, 2024 என்று தவறாமல் புதுப்பித்து வைத்திருந்தார். கடைசியாகப் புதுப்பித்த கொஞ்ச நாளில்தான் இன்ஜின் பிடித்துக்கொண்டதாம். 2029 வரை செல்லும். கேட்டதற்கு, "அது நம்ம கடமைங்க கண்ணு" என்றார். 8,500-க்கு முடித்தோம். அவரே எங்களோடு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வேட்டி சட்டையில் வந்து, என் கண் முன்னால் கையெழுத்துப் போட்டார். தமிழில்தான்.

இந்த வண்டியை யாரும் விண்டேஜ் என்று கொண்டாடுவதில்லை. ஆனால் அதன் வம்சம் லேசுப்பட்டதில்லை. எண்பதுகளின் நடுவில் ஜப்பான் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்து 100 சிசி வண்டிகள் வரிசையாக வந்தன. அதில் முன்னால் வந்தது 1984-இல் ஓசூரிலிருந்து வந்த இண்ட்-சுசுகி. அதற்குப் பிறகுதான் ஹீரோ ஹோண்டா சிடி 100, ஆர்.எக்ஸ். 100, கவாசாகி பஜாஜ் கேபி 100 எல்லாம். மேக்ஸ் அந்த ஓசூர்க் குடும்பத்துப் பிள்ளை. டி.வி.எஸ்.ஸும் சுசுகியும் 2001-இல் பிரிந்துவிட்டார்கள். இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளை 1996-லும் 2000-லும் வந்த புகை விதிகள் மெல்ல மெல்ல ஓரங்கட்டின.

இன்ஜினைப் பிரித்தது ஒரு மெக்கானிக் அண்ணன் பட்டறையில். சிங்காநல்லூர் பக்கம். "ஞாயித்துக்கிழமை வா, உன் வண்டியை நீயே கழட்டு, நான் பாத்துக்கறேன்" என்று சொன்ன புண்ணியவான். பிளக் ஓட்டையில் டீசலை ஊற்றி ஒரு வாரம் ஊற வைத்தோம். அடுத்த ஞாயிறு கட்டையை வைத்து மெல்லத் தட்டியதும் பிஸ்டன் கொடுத்துவிட்டது. சிலிண்டரைக் கணபதியில் ஒரு லேத்தில் கொடுத்து 0.25 ஓவர்சைஸுக்கு போரிங் போட்டோம். புது பிஸ்டன், புது ரிங். எல்லாம் மாட்டி, பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலந்து, எட்டாவது உதையில் புகையோடு ஸ்டார்ட் ஆனபோது நான் கத்திய கத்தலில் பக்கத்து டீக்கடைக்காரர் ஓடி வந்தார்.

இங்கேதான் நான் செய்த முட்டாள்தனம். கிராங்க்கின் இரண்டு பக்கமும் ஆயில் சீல் என்று ஒரு ரப்பர் வளையம் உண்டு. விலை ரொம்பக் குறைவு. ஆனால் அதை மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினை முழுசாகப் பிளக்க வேண்டும். "இதையும் மாத்திடு கண்ணு, இருபத்தஞ்சு வருச ரப்பர்" என்றார் அண்ணன். அதற்குக் கூலி, பேரிங், கனெக்டிங் ராட் கிட், பிரஸ்ஸிங் என்று மூவாயிரத்துக்கு மேல் போகும். "இப்ப வேண்டாம்ண்ணா, அடுத்த மாசம்" என்றேன்.

இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை நேராக சிலிண்டருக்குப் போவதில்லை. முதலில் கிராங்க் இருக்கும் அறைக்குள் வந்து, பிஸ்டன் கீழே இறங்கும்போது அழுந்தி, பிறகுதான் மேலே ஏறுகிறது. அதனால் அந்த அறை காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். சீல் காய்ந்து போயிருந்தால் அந்த வழியாகக் காற்று உள்ளே வரும். காற்று கூடி, பெட்ரோல் விகிதம் குறையும், சூடு ஏறும். ஆயிலும் பெட்ரோலோடுதான் வருகிறது என்பதால் காற்றின் அளவுக்கு அதுவும் பற்றாது. சூட்டில் பிஸ்டன் விரியும். அப்புறம் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும்.

அறிகுறி இல்லாமல் இல்லை. ஐடிலிங் தானாக ஏறி இறங்கியது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆஹா, எவ்வளவு சுத்தம் என்று சந்தோஷப்பட்டேன். (பிளக் காப்பித்தூள் நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளை என்றால் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.) போதாக்குறைக்கு இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்பரேட்டர் ஜெட்டுக்கு அது கலவையை இன்னும் கொஞ்சம் மெலிய வைக்கும், பழைய ரப்பருக்கும் நல்லதில்லை. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று பொள்ளாச்சி ரோட்டில் காற்று வாங்கிக்கொண்டு போனேன். கிணத்துக்கடவுக்குக் கொஞ்சம் முன்னால், நாலாவது கியரில், பின் சக்கரம் 'கிரீச்' என்று நின்றது. கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் ஒதுங்கிப் போனதால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மிகைப்படுத்தவில்லை. ஒரு ஆயில் சீலை மிச்சம் பிடித்ததன் முழுச் செலவு என்னவாக இருந்திருக்கும் என்பதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வண்டி குட்டியானையில் ஏறித் திரும்பி வந்தது. மறுபடி போரிங், இந்த முறை 0.50. மறுபடி பிஸ்டன். சீலும் சேர்த்துத்தான். அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

இப்போது கணக்கு. வண்டி 8,500. இருபதாயிரத்துக்குள் முடித்துவிடலாம் என்று பட்ஜெட் போட்டேன். நோட்டில் கடைசியாகக் கூட்டியபோது 35,300. கிராங்க் வேலை, டயர் இரண்டு, வயரிங், பேட்டரி, டேங்க்குக்குள் துரு எடுத்தது, பெயிண்ட், செயின், பிரேக் ஷூ, கேபிள்கள், அண்ணன் கூலி (அவர் கேட்டது பாதி), பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ்... ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்னத் தொகை. அதுதான் ஆபத்தே. ஏழு மாத ஞாயிற்றுக்கிழமைகள் தனி.

எங்கள் பாடத்தில் கணக்கியல் தரநிலை 10 என்று ஒன்று உண்டு. ஒரு சொத்தை வேலை செய்யும் நிலைக்குக் கொண்டுவர நேரடியாக ஆகும் செலவை அதன் விலையோடு சேர்க்கலாம். ஆனால் நாமே உருவாக்கும் சொத்தில் அசாதாரணமாக வீணானதைச் சேர்க்கக் கூடாது. அதாவது கிணத்துக்கடவு எபிசோடில் வீணான பிஸ்டன் 1,450, போரிங் 600, குட்டியானை 800, ஆக 2,850 ரூபாய் சொத்தில் வராது. அது என் முட்டாள்தனக் கணக்கு. மீதி 32,450. அடுத்து தரநிலை 28 வந்து, விற்றாலோ பயன்படுத்தினாலோ திரும்பக் கிடைப்பதைவிட அதிகமாக ஏட்டில் வைக்காதே என்கிறது. ஒருவர் 20,000-க்குக் கேட்டார். ஆக 12,450 நஷ்டம். ஓட ஆரம்பித்த முதல் நாளே! அம்மாவிடம் வாங்கிய 5,000 இன்னும் பொறுப்புகள் பக்கத்தில் நிற்கிறது, வட்டி இல்லாமல் :)

அப்பா சொன்னது வேறு. "இந்தக் காசைப் புது வண்டிக்கு டவுன்பேமென்ட்டாக் கட்டியிருக்கலாம்." கணக்குப்படி அவர் சொல்வது சரி. புது 100 சிசி வண்டி விலை இதைவிடக் கூடுதல்தான், மிச்சத்துக்கு இ.எம்.ஐ., ஆனால் காலையில் உதைக்காமல் ஸ்டார்ட் ஆகும், மைலேஜ் இதைவிட நன்றாகவே கிடைக்கும். போக்குவரத்துக்கு வண்டி வேண்டுமென்றால் அதை வாங்குங்கள். ப்ராஜெக்ட் பைக்கை நம்பி ஒன்பது மணி வகுப்புக்குக் கிளம்பினால் அட்டெண்டன்ஸ் போய்விடும். அனுபவம் பேசுகிறது.

எனக்குப் பிடிக்காத வாதம் இன்னொன்று: "இது இன்வெஸ்ட்மென்ட் மச்சி, ஆர்.எக்ஸ். விலை ஏறிட்டே இருக்கு." இணையத்தில் நாம் பார்ப்பது கேட்கிற விலை, விற்ற விலை இல்லை. லட்சத்துக்கு விளம்பரம் போட்டவர் ஆறு மாதம் கழித்து அறுபதுக்குத் தள்ளிவிட்டதை யாரும் விளம்பரம் போடுவதில்லை. அப்படியே விலை ஏறினாலும், நடுவில் ஊற்றிய காசையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். அதோடு, விலை ஏறும் என்ற இந்தப் பேச்சுதான் உக்கடத்தில் கள்ளக் கையெழுத்துப் போட வைக்கிறது என்பது என் எண்ணம். பால்காரர் வண்டிக்கு யாரும் ஃபோர்ஜரி செய்வதில்லை.

அப்படியானால் வாங்காதே என்கிறேனா? இல்லை. நான் மறுபடியும் வாங்குவேன். ஆனால் மலிவு விலையைப் பார்த்தவுடன், அந்த மலிவு எங்கே இருந்து வந்தது என்று தேடச் சொல்கிறேன். இன்ஜின் ஜாம், டேங்க்கில் துரு, சைலன்சர் இல்லை, யாருக்கும் பிடிக்காத மாடல் என்பதால் மலிவு என்றால் தைரியமாக வாங்கலாம். அந்தக் குறையை நீங்கள்தான் காசு கொடுத்துத் தீர்க்கப் போகிறீர்கள், தொகை நீங்கள் நினைப்பதைப் போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆகும், ஆனால் தீரும். பேப்பரில் குறை என்பதால் மலிவு என்றால் அதற்கு போரிங் போட லேத் கிடையாது. அதன் விலையைக் கொடுப்பதும் நீங்களாக இருக்க மாட்டீர்கள், உங்களுக்கு முகம் தெரியாத ஒருவராக இருப்பார். எனக்கு ஒருவர் முகம் தெரிந்துபோய்விட்டது.

யெஸ்டிக்கு வருவோம். மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-இல் மூடிவிட்டது. 2022-இல் யெஸ்டி என்ற பெயரில் புது வண்டிகள் வந்தன, பெயர்தான் ஒன்று, இந்தப் பழைய இன்ஜினுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் பழைய யெஸ்டிக்கு ரசிகர்கள் அதிகம் என்பதால் உதிரிபாகம் செய்து விற்கிறார்கள். கியர் போடும் லிவரையே திருப்பிக் கிக்கராக உதைக்கிற அந்த அமைப்பை ஒரு முறையாவது கழற்றிப் பார்க்க எனக்கும் ஆசை. இன்ஜினைப் பற்றி எனக்குப் பயமில்லை. 'பேப்பர் மிஸ்ஸிங்' என்பதில் இரண்டு வகை உண்டு. ஆர்.சி. தொலைந்திருந்தால் ஓனரே நகல் வாங்கித் தரலாம், கொஞ்சம் அலைச்சல், அவ்வளவுதான். ஓனர் யாரென்றே தெரியவில்லை, நம்பர் பிளேட்டும் இல்லை என்றால் அது வேறு. எது என்று போனில் கேட்டால் "நேர்ல வாங்க பேசிக்கலாம்" என்கிறார் விற்பவர்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவனும் நானும் கிளம்புகிறோம், என் மேக்ஸில்தான். பணம் எடுத்து வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், கேட்க மாட்டான். நான் எடுத்துப் போவது ஒரு காந்தத் துண்டு (டேங்க்கில் ஒட்டவில்லை என்றால் அங்கே பட்டி பூசியிருக்கிறார்கள்), ஒரு பென்சில், ஒரு வெள்ளைத்தாள். சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால், நம்பர் பழையதா, யாராவது அராவி மறுபடி வெட்டியதா என்பது ஓரளவு தெரியும்.

பி.கு: வழியில் நின்றுவிட்டால் தள்ளுவது அவன் பொறுப்பு என்று ஒப்பந்தம்.